இரண்டு தலை வைத்த மழைக்கோட்டு

அப்பா,

இன்று காலை உங்கள் வண்டியின் டிக்கியைத் திறந்தேன். பூட்டில் துரு ஏறியிருந்ததால் சாவியை ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருந்தது. சீட்டைத் தூக்கியதும் குப்பென்று ஒரு வாசனை. ஈர ரெக்சினும் பெட்ரோலும் நீங்கள் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் கலந்தது. உள்ளே நாலாக மடித்து, மேலே சைக்கிள் டியூப் வளையம் மாட்டி, அந்த மழைக்கோட்டு. நீங்கள் போன பிறகு வரும் முதல் ஜூன் மாதம் இது. போன மழைக்காலத்து ஈரம் இன்னும் அதன் மடிப்புகளில் இருந்தது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. திரும்ப உள்ளேயே வைத்து மூடிவிட்டேன்.

இப்போது சாயங்காலம். தொப்பலாக நனைந்து வீடு வந்து, தலையைத் துவட்டிவிட்டு இதை எழுதுகிறேன். எங்கே போனேன், எதற்குப் போனேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகக் கூடாது என்று வளர்த்தவர் நீங்கள். போய் வந்த பிறகாவது சொல்லிவிட வேண்டாமா?

அந்தக் கோட்டை நீங்கள் தைக்கக் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒருவரிடம் இரண்டு மழைக்கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் தைக்கச் சொன்னீர்கள். முன்னால் ஓட்டுகிறவருக்கு ஒரு தொப்பி, பின்னால் உட்காருகிறவளுக்கு ஒரு தொப்பி. “ஒரே கோட்டுக்குள்ள ரெண்டு பேரு. ஒரு சொட்டு உள்ள வராது பாரு” என்று பெருமையாகச் சொன்னீர்கள். நம் குடியிருப்புச் சொசைட்டிப் பிள்ளைகள் அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள். நாம் கேட்டுக்குள் நுழையும்போது பால்கனியிலிருந்து “தோ முண்டி ஆ கயா” என்று ஒரு சத்தம் வரும். இரண்டு தலை வந்தாச்சு என்று அர்த்தம். நீங்கள் சிரித்துக்கொண்டே கையாட்டுவீர்கள். எனக்கு அப்போது முப்பது வயது. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அதற்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு எதுவும் தெரியாது. மழைச் சத்தம் கேட்கும், உங்கள் முதுகு தெரியும், அவ்வளவுதான். இந்தப் புனேயை நான் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எந்தத் தெரு எங்கே போய்ச் சேரும் என்று போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

வேறு ஊராக இருந்தால் சரி என்று விட்டிருக்கலாம். இது இரு சக்கர வண்டி ஊர். இங்கே துப்பட்டாவால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, பதினெட்டு வயசுப் பெண்ணும் அறுபது வயசு ஆஜிப் பாட்டியும் சர் சர்ரென்று போகிறார்கள். என்ஜினியரிங் காலேஜில் என் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரிடமும் வண்டி இருந்தது. நானும் கேட்டேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“என்னத்துக்குட்டி? நான் இருக்கம்லா.”

தம்பிக்குப் பதினெட்டு முடிந்த அன்றைக்கே மோட்டார் சைக்கிள் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “அவன் ஆம்பளப் பய, விழுந்தாலும் எந்திச்சிருவான்” என்றீர்கள். அவன் விழவே இல்லை. அதில் ஏறிப் போனவன் அப்படியே கனடா வரைக்கும் போய்விட்டான். அவனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வரும்போது நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒரு நாள் லோக்கல் ரயில் தாமதமாகி நான் முக்கால் மணி நேரம் கழித்து வந்ததற்கு, ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதீர்கள். அங்கே இருந்த கூலிக்காரர் என்னைத் திட்டினார். “பெத்தவரை இப்படியா பதற வைப்பே” என்று மராத்தியில் கேட்டார். ரயிலை நானா ஓட்டினேன்?

அம்மா போனது நான் காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது. அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, ஒரு காலையில் நீங்கள் அடுப்பங்கரைக்கு வந்தீர்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காபி ஃபில்டரைக் கையில் எடுத்து மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, “இத எப்படிட்டி எறக்குதது? சொல்லு, நான் போடுதேன்” என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா இருந்த வரைக்கும் தண்ணீர்கூடத் தானாக மோந்து குடிக்காத மனிதர், இன்று இப்படி நிற்கிறாரே! உங்கள் கையிலிருந்து ஃபில்டரைப் பிடுங்கினேன்.

“நான் இருக்கேன்லாப்பா. நீங்க போயி பேப்பர் படிங்க.”

நீங்களும் போனீர்கள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

படிப்பு முடிந்து, ரயிலில் போக வேண்டிய தளேகாவில் வேலை கிடைத்தது. கார்களுக்கு உதிரிப் பாகம் செய்கிற கம்பெனி, தரம் பார்க்கிற பிரிவு. கம்பெனி பஸ் நம் சொசைட்டி வாசலிலேயே நிற்கும். அந்த டிரைவர் குடிப்பார் என்று யாரோ சொன்னதாகச் சொல்லி, பஸ்ஸே வேண்டாம் என்றீர்கள். ராணுவ அலுவலகத்தில் உங்கள் வேலைக்குப் போகும் வழியில் என்னை ஸ்டேஷனில் விட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப் போனீர்கள். ரிட்டையர் ஆனதும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நீங்கள் போய் உங்களுக்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்து வந்தீர்கள்! காலையில் என்னோடு ரயிலேறி, கம்பெனி கேட் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வந்து, அடுத்த ரயிலில் திரும்பி, சாயங்காலம் மறுபடியும் வந்து கேட்டில் நிற்பீர்கள். வாட்ச்மேன் உங்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். என் மேலதிகாரி ஜோஷி சார் வெளியே வந்து உங்களோடு டீ குடிப்பார். கம்பெனியில் எல்லோருக்கும் நீங்கள் ‘பாபா’ ஆகிவிட்டீர்கள். “உனக்குக் குடுத்து வச்சிருக்கு” என்று சொல்லாத ஆள் இல்லை.

நான் சும்மா இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. உங்கள் உப்பு, சர்க்கரை, மாத்திரை, வேட்டிக்குக் கஞ்சி எல்லாம் என் கையில். காபியை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி, டம்ளரை அதன்மேல் கவிழ்த்து வைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடிவிட்டுத்தான் கிளம்புவேன். நீங்கள் ஒருதரம் பாலைச் சுட வைத்துப் பாத்திரத்தைக் கரியாக்கியதிலிருந்து அப்படி. நான் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் நீங்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு என் கட்டிலருகே உட்கார்ந்திருப்பீர்கள். ஆபீசில் பெண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. மதுரை மாப்பிள்ளையா, தூரம். பெங்களூர் மாப்பிள்ளையா, தண்ணீர்ப் பஞ்சம். அமெரிக்காவா, பேசவே கூடாது. சரி, இதே ஊரில் வானவடியில் ஒரு ராணுவ டாக்டர் வந்தாரே, திருநெல்வேலிக்காரர்தான், என்னோடு பத்து நிமிஷம் பேசினார், எனக்குப் பிடித்திருந்தது. “பட்டாளத்துக்காரன், இன்னைக்கு இங்கன இருப்பான், நாளைக்கு அசாமுக்குத் தூக்கி அடிப்பான். நீ பெட்டியக் கட்டிக்கிட்டு அலைவியா?” என்றீர்கள். நான் அலைகிறேன் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் வயது போனதும் பேச்சும் போனது. சொந்தக்காரர்கள் கேட்டால் “அவ என்ன விட்டுட்டுப் போமாட்டேங்கா, நான் என்ன செய்ய” என்று கையை விரிப்பீர்கள். நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம்கூட நான் விட்டுவிடுவேன் அப்பா. இது நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. ஜெர்மனியை விட முடியவில்லை.

எனக்கு முப்பத்து நாலு வயது. எங்கள் தாய்க் கம்பெனி ஜெர்மனியில் இருந்தது. தளேகாவிலிருந்து ஒருவரை மூன்று வருஷத்துக்கு அங்கே அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. ஜோஷி சார் என்னைக் கூப்பிட்டு, “உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன், தயாரா இரு” என்றார். அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா? சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். “நல்ல விஷயந்தானே” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கிண்ணத்தை நீட்டினீர்கள். எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. என் அப்பாவா இது! சண்டை வரும், பட்டினி கிடப்பீர்கள் என்றெல்லாம் எதிர்பார்த்தவள் நான். நாமே அவரைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அன்று ராத்திரி வெட்கப்பட்டேன். ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். நீங்களே கொண்டுபோய் விட்டு, நீங்களே கூட்டி வந்தீர்கள்.

அப்புறம் ஒரு நாள் ஜோஷி சார் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “மேல வேற முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த தடவை பாக்கலாம்” என்றார். எனக்கு இரண்டு வருஷம் பின்னால் வந்த ஒரு பையனை அனுப்பினார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் உன் வேலை போதாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். பாத்ரூமில் போய் அழுது முகம் கழுவிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தீர்கள்.

அன்றைக்கு சிஞ்ச்வட்டில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் என்னை மஸ்தானி வாங்கிக்கொடுக்கக் கூட்டிப்போனீர்கள். பெரிய கண்ணாடி டம்ளரில் மாம்பழப் பால், மேலே ஐஸ்கிரீம், முந்திரி. நான் தேம்பிக்கொண்டிருந்தேன். “அவனுவளுக்கு ஒன் அரும தெரியல. விட்டுத்தள்ளு. நான் இருக்கம்லா” என்று முதுகைத் தடவிக்கொடுத்தீர்கள். அடியில் கிடந்த முந்திரியை ஸ்பூனால் தோண்டியெடுத்து என் டம்ளரில் போட்டீர்கள். உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே ஆள் இவர்தான் என்று அந்த மேஜையில் உட்கார்ந்து நினைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வாய்ப்புகள் வந்தன. நான் எதற்கும் கை தூக்கவில்லை. ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அளவுக் குறிப்பை மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தேன். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நமக்கு அவ்வளவுதான் சரக்கு என்று முடிவு கட்டி, இங்கேயே இருந்தேன். பன்னிரண்டு வருஷம் அப்பா! பன்னிரண்டு வருஷமாக என்னை நானே லாயக்கில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் நீங்கள் போனீர்கள். தூக்கத்திலேயே. தம்பி கனடாவிலிருந்து வந்து காரியம் செய்தான். துக்கம் கேட்க வந்தவர்களில் ஜோஷி சாரும் ஒருவர். அவர் ரிட்டையராகித் தளேகாவிலேயே வீடு கட்டி இருக்கிறார். உங்கள் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் டீ டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் தம்பியைப் பார்த்து, ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னார்.

“உங்க அப்பா மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. அந்த ஜெர்மனி விஷயத்தில்கூடப் பாருங்க, ‘அவளுக்குப் போக இஷ்டம் இல்லை, உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறா, நான் சொன்னதாகச் சொல்லாதீங்க’ன்னு அவரே தனியா வந்து சொன்னார். பொண்ணு மனசு அப்படித் தெரிஞ்சிருக்கு!”

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நீ குடுத்து வச்சவக்கா. கடைசி வரைக்கும் அப்பாகூட இருந்தே” என்றான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஆட்கள். உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “சர்க்கரை போதுமா சார்?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்க முடியும்?

எல்லோரும் போன பிறகு உங்களிடம் வந்து சண்டை போட்டேன். கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கும்போது ஒரே ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால்கூடப் போதும். உங்கள் எதிரே நின்று “ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டிருப்பேன். அதற்குக்கூட வழியில்லாமல் தூக்கத்தில் போய்விட்டீர்கள், மகராசர்.

சண்டை போட ஆள் இல்லாததால்தான் வண்டி கற்றுக்கொள்ளப் போனேன். பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் சுனந்தா என்று ஒருத்தி, முப்பது வயதிருக்கும், வெற்றிலை போட்ட வாய், ஊருக்கே கேட்கிற குரல். காலி மைதானத்தில் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னாள். ஏறி உட்கார்ந்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“புடே சர்கா மேடம், புடே! புடே கோண் பஸ்ணார் ஆஹே?”

முன்னால் நகருங்கள், முன்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்கிறாள். குனிந்து பார்த்தேன். நான் சீட்டின் பின்பாதியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் இடத்தை விட்டுவிட்டு, கையை மட்டும் எட்டி எட்டி ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுனந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததே இல்லையாம். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

அதைத் தவிர எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு வாரத்தில் வந்துவிட்டது அப்பா. இதற்காகவா இத்தனை வருஷம்? ஒரே ஒரு வாரம், முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். “விழுந்தா என்ன செய்வே” என்று கேட்பீர்களே, விழுந்தேன், எழுந்தேன், மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

லைசென்ஸ் வந்த பிறகு பக்கத்துக் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் உங்கள் வண்டியில் போய் வந்தேன். ஆனால் மனதில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நான் ஜெர்மனி போக ஆசைப்பட்டேன் என்று உயிரோடு இருக்கிற ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டும். பயந்தாங்கொள்ளி, அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கட்டும், ஜோஷி சார் ஒருவராவது நினைக்கக் கூடாது. அதற்காக இன்று காலை பழைய ஹைவேயில் தளேகாவுக்குப் போனேன். தனியாக. லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போயின. தேஹு ரோடு தாண்டும் வரைக்கும் உங்கள் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. “மெதுவா, மெதுவா. எடது பக்கம் ஒதுங்கு. அவன் போட்டும்.” பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஜோஷி சார் வாசலில் ரோஜாச் செடிக்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். யாரோடு வந்தேன் என்று தேடுகிறார். பிறகுதான் வண்டியைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவர் மனைவி அவல் போஹா கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை. இந்தியில்தான் பேசினோம்.

“சார், எனக்கு ஜெர்மனி போகணும்னு இருந்துச்சு. ரொம்ப ஆசையா இருந்தேன். இஷ்டமில்லைன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் கையிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “லிஸ்ட்ல உன் பேருதான் முதல்ல இருந்துச்சு” என்றார். “உன் வேலையில ஒரு குறையும் கிடையாது. உனக்கு அது தெரியும்னு நெனச்சேன்.”

எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு வார்த்தைக்காக நான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறேன். கேட்டதும் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். எரிந்தது. “பின்னே ஏன் சார் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? வேலை பாக்கறவ நான்தானே, அப்பாவா?” என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

ஜோஷி சார் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “உங்க வீட்டுல அன்னிக்குச் சொன்னது பாதிதான்” என்றார். “துக்க வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு மாத்திச் சொன்னேன். முதல்ல அவர், உனக்கு இஷ்டமில்லைன்னுதான் சொன்னார். நான் நம்பலை. அவளைக் கூப்பிட்டுக் கேக்கறேன்னு எழுந்தேன். அப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அழுதார். ‘அவ போனா நல்லாத்தான் இருப்பா சார். எனக்குத்தான் ஒரு காபி போடத் தெரியாது. கேஸ்ல பால் வச்சாக்கூடக் கரியாக்கிடுவேன். மூணு வருஷம் நான் என்ன செய்வேன்?’னார். மனைவி இல்லாத மனுஷன், வயசானவர். எனக்கு மனசு கேக்கலை. நீ வந்து ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீயும் கேக்கலை.”

போஹாவை எடுத்து ஒரு வாய் சாப்பிட்டேன், அந்த அம்மாள் சங்கடப்படக் கூடாதே என்று. பிறகு கிளம்பிவிட்டேன்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. திருநெல்வேலியில் பெய்கிற மாதிரி இல்லை, இங்கே பெய்கிற மழை, ஊசி ஊசியாக, விடாமல். எல்லோரும் ஓரமாக நிறுத்திக் கோட்டை எடுத்து மாட்டினார்கள். நானும் நிறுத்தினேன். டிக்கியைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்த்தேன். அதை ஒருத்தி மட்டும் போட்டால் பின்பாதி காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டும். மூடிவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது?

காபிக்காகவா அப்பா? ஒரு டம்ளர் காபிக்காகவா? என்னிடம் சொல்லியிருக்கலாமே. “நீ போயிட்டா நான் என்னட்டி செய்வேன்” என்று அந்த ஜோஷியிடம் அழுததை என்னிடம் அழுதிருக்கலாமே. ஊரான் கையைப் பிடிக்கத் தெரிந்தது, பெற்ற மகளின் கையைப் பிடிக்கத் தெரியவில்லை. நல்ல விஷயந்தானே என்று ரசம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டீர்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை, அதை இன்றே சொல்லிவிடுகிறேன்.

ஃபில்டரைப் பிடுங்கினது நீதானே என்று கேட்பீர்கள். ஆமாம், நான்தான் பிடுங்கினேன். ரெகுலேட்டரை மூடியதும் நான்தான். ஹைவேயில் வரும்போது அதுவும் ஞாபகம் வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் அப்பா, எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அம்மா செத்து ஒரு வாரம். பாசம் என்றால் மற்றவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்குவது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

வீட்டுக்கு வந்து உடை மாற்றிக் காபி போட்டேன். இன்னமும் இரண்டு பேருக்குத்தான் டிகாஷன் இறங்குகிறது. கை அளவு மாற மாட்டேன் என்கிறது. மீதியைக் கொட்டவும் மனம் வராமல் மறுநாள் காலையில் ஆறிப்போனதைச் சுடவைத்துக் குடிக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீசில் கை தானாக போனை எடுக்கிறது, கேட்டில் உட்கார்ந்திருக்கிற உங்களிடம் கிளம்பிட்டேன் என்று சொல்ல. வண்டியில் உட்கார்ந்தால் இன்றைக்கும் முதலில் பின்னால்தான் உட்காருகிறேன். அப்புறம் நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் விட்டுப்போன சொத்து இவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும் அப்பா காபி போடக் கற்றுக்கொடுக்க. பொடியை இவ்வளவு போடணும், லேசாக அழுத்தணும், கொதிக்கிற தண்ணீரை மெதுவாக ஊற்றணும், மூடி வைக்கணும். அதற்கப்புறம் நீங்கள் ஒரு வாரம் மைதானத்தில் என் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்திருக்கலாம். அத்தோடு முடிந்திருக்கும் எல்லாம். நான் ஜெர்மனிக்குப் போயிருப்பேன், நீங்கள் பால்கனியில் உட்கார்ந்து நீங்களே போட்ட காபியைக் குடித்துக்கொண்டு என் போனுக்காகக் காத்திருந்திருப்பீர்கள். திரும்பி வந்திருப்பேன் அப்பா. உங்களை விட்டுவிட்டு நான் எங்கே போய்விடப் போகிறேன்? அது ஒன்று உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே.

மழை விடவில்லை. நாளைக்கும் வண்டியில்தான் ஆபீசுக்குப் போகப்போகிறேன், ரயிலில் இல்லை. உங்கள் கோட்டை டிக்கியிலேயே விட்டுவைத்திருக்கிறேன். போடவும் மாட்டேன், தூக்கி எறியவும் வரவில்லை. போகிற வழியில் கடையில் நிறுத்தி எனக்கு ஒரு மழைக்கோட்டு வாங்க வேண்டும். ஒரு தலை வைத்தது.